இயந்திரத்துக்கு ஒதுக்கிய பணத்தில் ஓர் ஆளை வையுங்கள்

எங்கள் ஊர் நகரத்தார் காரியக்காரர்களுக்கும் நம் மேல்நிலைப் பள்ளி நிர்வாகக் குழுவினருக்கும் ஓர் ஆச்சி எழுதும் திறந்த மடல்.

அண்ணன்மார்களுக்கும் தம்பிமார்களுக்கும் வணக்கம்.

போன மாதம் சிவன் கோயில் மண்டபத்தில் கூடிய ஊர்க்கூட்டத்தில் பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் நானும் இருந்தேன். நம் பிள்ளைகளுக்குப் பரீட்சைப் பயம், பதற்றம் எல்லாம் அதிகமாகிவிட்டது, அதற்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு 'மூளைப் பயிற்சிக் கூடம்' அமைக்கலாம், புள்ளிக்கு, அதாவது குடும்பத்துக்கு, இவ்வளவு என்று வரி போட்டு மீதியை வெளியூரில் இருக்கிறவர்களிடம் கேட்டு வாங்கலாம் என்று பேசினீர்கள். அதற்கான இயந்திரத்தை விற்க வந்த தம்பி, மூளை அலையைப் படிக்கும் பட்டை ஒன்றை ஒரு பையன் தலையில் மாட்டினார். பையன் கண்ணை மூடி அமைதியாக இருந்தபோது திரையில் பலூன் மேலே போனது. எல்லாரும் கை தட்டினார்கள். நானும்தான் தட்டினேன், பழக்க தோஷம். வீட்டுக்கு வந்த பிறகு தூக்கம் வரவில்லை. அந்தப் பலூனை எனக்கு ஏற்கெனவே தெரியும். எங்கள் வீட்டில் அது விமானமாக வந்தது.

நான் 31 வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள். கூட்டத்திலேயே எழுந்து சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. இந்த விஷயத்தில் எனக்கும் பயம் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மகளும் மாப்பிள்ளையும் வெளிநாட்டில் இருப்பதால் பேரன் எட்டாம் வகுப்பிலிருந்து என்னிடம்தான் வளர்கிறான். இவ்வளவு பெரிய வீட்டில் நாங்கள் இரண்டே பேர். ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாள் செய்யுள் வாசிக்கச் சொன்னபோது நடுவில் தடுமாறியிருக்கிறான். பின் பெஞ்சில் சிரிப்பு. அவ்வளவுதான் நடந்தது. அப்புறம் திங்கட்கிழமை காலை என்றால் வயிற்றுவலி. வளவில், வீட்டின் உள்முற்றத்தில், தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, 'ஆயா, இன்னைக்கு மட்டும்' என்பான். ஸ்கேன் எடுத்தோம், எண்டோஸ்கோப்பி வரை போனோம். வயிற்றில் ஒன்றுமில்லை என்றார்கள். ஒரே பருவத்தில் 17 நாள் லீவு. பதினேழு லீவு லெட்டரும் என் கையெழுத்து.

ஒரு சொந்தக்காரர் சொல்லி, பெரிய ஊர் ஒன்றில் இருந்த மூளைப் பயிற்சி மையத்துக்குப் போனோம். சனிக்கிழமைதோறும் கார் பிடித்துப் போய், மொத்தம் 40 தடவை. ஒரு கறவை மாடு வாங்கியிருக்கலாம், அவ்வளவு பணம். தலையில் பட்டை, திரையில் விமானம், மனசு அமைதியானால் விமானம் உயரும். பேரன் அதில் கெட்டிக்காரனாகிவிட்டான். கடைசி நாள் வண்ணப் படம் ஒன்று கொடுத்தார்கள்: முன்பு சிவப்பாக இருந்த மூளை இப்போது பச்சை. சட்டம் போட்டு முகப்பில் மாட்டாத குறைதான். திங்கட்கிழமை காலை அதே தூண், அதே வயிற்றுவலி.

அவர்கள் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லவில்லை. மூளையின் மின்னலைகளை மண்டைக்கு வெளியிலிருந்து பதிவு செய்வது பொய்யில்லை. ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் என்ற மருத்துவர் 1924இல் மனித மூளை அலையை முதன்முதலில் பதிவு செய்தார். வலிப்பு நோய்க்கு இன்றைக்கும் அந்தப் பதிவை எடுத்துத்தான் பார்க்கிறார்கள், இ.இ.ஜி. என்பார்கள். அலையைத் திரையில் காட்டி, அதை மாற்றப் பழக்குவதற்கு நியூரோஃபீட்பேக் என்று பேர். 1960களிலிருந்து நடக்கிறது. கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது. திரையில் விமானத்தை உயர்த்தக் கற்றவன் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கவும் கற்றுவிடுவானா?

கணக்கு டீச்சருக்கு இந்தச் சந்தேகம் புதிதல்ல. வாய்ப்பாட்டைக் கடகடவென்று ஒப்பிக்கிற பிள்ளை, ரயில் கணக்கு என்றதும் முழிப்பதை எத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன். பழகியதில் தேர்ச்சி வரும். அது பக்கத்து வீட்டுக்குத் தானாகப் போகாது. மூளை விளையாட்டு ஆப்கள் விஷயத்தில் ஆராய்ச்சியாளர்கள் கண்டதும் இதைத்தான். 2016இல் ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு வந்தது: விளையாடுகிறவர்கள் அந்த விளையாட்டில் முன்னேறுகிறார்கள், அன்றாட வாழ்க்கைக்கு அது கடப்பதற்கு ஆதாரம் சொற்பம். அதே வருஷம் அமெரிக்காவில் லுமாசிட்டி என்ற ஆப்பை நடத்திய நிறுவனம், ஆதாரம் இல்லாமல் விளம்பரம் செய்தது என்ற குற்றச்சாட்டில் 20 லட்சம் டாலர் கட்டச் சம்மதித்தது.

நியூரோஃபீட்பேக்கைச் சரியாகச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. பாதிப் பிள்ளைகளுக்கு உண்மையான பட்டை. மீதிப் பேருக்கும் அதே பட்டைதான், ஆனால் திரையில் ஏறி இறங்குவது அவர்களுடைய அலை இல்லை. யாருக்கு எது என்று பிள்ளைக்கும் தெரியாது, பெற்றவர்களுக்கும் தெரியாது. ஏ.டி.எச்.டி. என்கிறார்களே, அந்தக் கவனக் குறைபாடு உள்ள 7 முதல் 10 வயதுப் பிள்ளைகளிடம் இப்படிச் சோதித்து 2021இல் அமெரிக்காவில் வெளியிட்டார்கள். இரண்டு பக்கமும் முன்னேற்றம் தெரிந்தது, கிட்டத்தட்ட ஒரே அளவில். அப்படியானால் பட்டையா வேலை செய்தது? வாரா வாரம் ஒரு பெரிய மனுஷர் பக்கத்தில் உட்கார்ந்து, 'நல்லா செய்யிறே' என்று சொன்னது, பெற்றவர்கள் நம்பியது, பிள்ளை நம்பியது, இதெல்லாமாகத்தான் இருக்க வேண்டும். பதற்றத்துக்கும் இதைச் செய்து பார்த்த ஆய்வுகள் உண்டு. பெரும்பாலும் சின்னச் சின்ன ஆய்வுகள், பலவற்றில் இந்தப் பொய்ப்பட்டை ஒப்பீடே கிடையாது. விற்க வரும் தம்பியிடம் இதை மட்டும் கேளுங்கள்: பொய்ப்பட்டை போட்ட பிள்ளைகளைவிட உங்கள் பிள்ளைகள் எவ்வளவு தேறினார்கள்? வகுப்பில் தேறினார்களா, திரையில் தேறினார்களா? ஆறு மாதம் கழித்து யாராவது போய்ப் பார்த்தீர்களா? பதிலைக் காகிதத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடன் கொடுக்கும்போது நாம் வாங்காத காகிதமா?

சரி, பேரன் கதைக்கு வருகிறேன்.

கடைசியில் அரசு ஆஸ்பத்திரியில் ஒரு மனநல ஆலோசகர் அம்மாவைப் பார்த்தோம். ஓ.பி. சீட்டைத் தவிரச் செலவில்லை. அவர் பேரனிடம் கொஞ்ச நேரம் பேசிவிட்டு என் பக்கம் திரும்பினார். 'வயிறு வலிக்குதுன்னு சொன்னா வீட்டில என்ன நடக்கும்?' எனக்குப் பெருமை. ஓமக் கஷாயம் வைத்துத் தருவேன், படுக்கச் சொல்வேன், லீவு லெட்டர் எழுதுவேன், மத்தியானம் அவனுக்குப் பிடித்த வெள்ளைப் பணியாரம் ஊற்றுவேன் என்றேன். அந்தம்மா சிரித்துக்கொண்டே, 'அப்ப வயித்துவலிக்கு நல்ல சம்பளம் குடுக்கிறீங்க ஆச்சி' என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. கோபத்தில் பாதி வழி பேசவே இல்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் சரியாகத்தான் வந்தது. பள்ளிக்குப் போகவில்லை என்ற நிமிஷமே வலி இறங்கும். இறங்கியதும் மூளை என்ன கற்றுக்கொள்ளும்? 'தப்பித்ததால் பிழைத்தோம், அங்கே உண்மையிலேயே ஆபத்து இருக்கிறது' என்று. அடுத்த திங்கட்கிழமை இன்னும் சீக்கிரமாக மணி அடிக்கும். ஆக மூளைப் பயிற்சி எங்கள் வீட்டில் ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருந்தது, 17 நாள், என் செலவில், பயத்துக்கு.

அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் பதற்றம் உள்ள பிள்ளைகளைப் பார்க்காமல், அவர்களைப் பெற்றவர்களுக்கு மட்டுமே பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். பிள்ளையிடம் 'உனக்குப் பயமாக இருப்பது தெரிகிறது, உன்னால் தாங்க முடியும் என்றும் தெரிகிறது' என்று சொல்லிக்கொண்டே, பயத்துக்கு இடம் கொடுப்பதைப் படிப்படியாகக் குறைப்பது. 124 பிள்ளைகளை வைத்து 2020இல் வெளிவந்த ஆய்வில், பிள்ளைக்கு நேரடியாகக் கொடுக்கும் சிகிச்சைக்கு இது குறைந்ததாக இல்லை. அந்த வீட்டுப் பெரியவர்கள் மட்டும் என்ன, நம்மைவிடப் பாசம் குறைந்தவர்களா.

பேரனுக்கு அந்தம்மா செய்யச் சொன்னது ஏணி. மாதக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவனே பத்துப் படி போட்டான். உச்சியில் வகுப்பில் ஒரு பக்கம் வாசிப்பது. அடியில் வீட்டில் எனக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டுவது. ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் பயத்தின் அளவு, பூஜ்யத்திலிருந்து பத்து வரை. மூன்றாவது படி எனக்கே சங்கடமானது: கடையில் ஒரு பொருளுக்கு விலை கேட்டுவிட்டு, வாங்காமல் திரும்பி வருவது. செட்டிநாட்டுப் பிள்ளைக்கு இதைவிட மானக்கேடு உண்டா!

காரைக்குடியில் ஒரு மளிகைக் கடை. நான் எதிர்ச்சாரியில் நின்றுகொண்டேன். உள்ளங்கையில் பேனாவால் 8 என்று எழுதிக்கொண்டு போனான். மூன்று பேர் வந்தார்கள், மூவரையும் முன்னால் விட்டான். காது மடல் சிவந்திருந்தது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. கூப்பிட்டுக்கொண்டு போய்விடலாம் என்று இரண்டு தடவை கால் எடுத்து வைத்தேன், அந்தம்மா முகம் ஞாபகம் வந்து நின்றேன். ஒரு வழியாக வாயைத் திறந்தான். கடைக்காரர், 'என்னப்பா? சத்தமாச் சொல்லு' என்றார். அவன் எதற்குப் பயந்தானோ அதேதான். இரண்டாம் முறை கேட்டான்: 'பெருங்காயம் என்ன விலைண்ணே?' விலையைக் கேட்டுக்கொண்டு, 'சரிண்ணே, அப்புறம் வாங்கிக்கிறேன்' என்று சொல்லிவிட்டு வந்தான். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. கையில் 8ஐ அடித்துவிட்டு 4 என்று எழுதினான்.

அதே கடைக்கு அந்த வாரம் ஐந்து நாள். ஐந்தாம் நாள் கடைக்காரர், 'தம்பி, நீ என்ன பெருங்காயக் கம்பெனி ஏஜென்டா?' என்று கேட்க, இவன் சிரித்துவிட்டான். அன்றைக்குப் போட்ட எண் 2. வெட்கத்துக்கு நான் போய்க் கால் கிலோ வாங்கி வந்தேன், இன்னும் தீரவில்லை.

மூளைக்குள் நடப்பதை அந்தம்மா எனக்கு விளங்கும்படி சொன்னார். ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா என்ற பகுதி மின்னல் வேகத்தில் வேலை செய்யும். யோசித்து நிதானிக்கும், நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்பகுதி முழுசாக முதிர 25 வயது பக்கம் ஆகும். அதனால் பதினாறு வயதுக்காரனிடம், 'பயப்பட ஒண்ணுமில்லடா' என்று எடுத்துச் சொல்வதில் பிரயோசனம் குறைவு. பயந்த இடத்திலேயே நின்று, எதிர்பார்த்த கெடுதல் வராததை அவன் உடம்பு பார்க்க வேண்டும், திரும்பத் திரும்ப, வேறு வேறு இடங்களில். பழைய பயம் அழிந்துவிடாது. அதற்கு மேல் புதிய பாடம் ஒன்று எழுதப்படுகிறது. அதனால்தான் லீவு முடிந்து வந்தால் பயம் கொஞ்சம் தலை தூக்கும். பேரனுக்கும் காலாண்டு லீவுக்குப் பிறகு தூக்கியது. இரண்டு படி இறங்கி மறுபடி ஏறினான்.

இந்த வித்தை நமக்குப் புதிது மாதிரி பேசுகிறேன், இல்லை. என் ஐயா, அப்பாவைப் பெற்றவர்கள், பன்னிரண்டு வயதில் பர்மாவுக்குப் போனவர்கள். ரங்கூனில் கிட்டங்கியில், அதாவது நம்மவர்கள் தங்கி வட்டித்தொழில் செய்த இடத்தில், பெட்டியடிப் பையன், எடுபிடி வேலைக்காரன். முதலில் தண்ணீர் எடுத்து வைப்பது, மை ஊற்றுவது, சில்லறை எண்ணுவது. அப்புறம் பெரியவர்களோடு வசூலுக்குக் கூடப் போவது, வாய் திறக்காமல். அப்புறம் பேரேடு எழுதுவது. தெரியாத பாஷை பேசுகிற கடன்காரர் வீட்டு வாசலில் தனியாகப் போய் நிற்பது அதற்கெல்லாம் பிறகுதான். அடுத்தாள் ஆகி, மேலாள் ஆகி வந்தார்கள். முதல் நாளே தனியாக அனுப்பியிருந்தால் பையன் அடுத்த கப்பலுக்கு அழுதிருப்பான். பயமாக இருக்கிறதென்று கிட்டங்கிக்குள்ளேயே வைத்திருந்தால் கடைசி வரை பெட்டியடிப் பையன்தான். அன்றைக்கு அதில் கொடுமையும் இருந்தது, ஐயா ராத்திரியில் அழுததை அப்பத்தாளிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்கள். அதை மறைத்துப் பெருமை பேச எனக்கு இஷ்டமில்லை. ஆனால் படி வைத்து ஏற்றுவது எப்படி என்று நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இந்த ஏணி முறை, அறிவுசார் நடத்தைச் சிகிச்சை என்பதன் ஒரு பகுதி. சி.பி.டி. என்பார்கள். 2008இல் அமெரிக்காவில் பதற்றக் கோளாறு உள்ள 7 முதல் 17 வயது வரையான 488 பேரிடம் 12 வாரம் சோதித்தார்கள். சி.பி.டி. மட்டும் பெற்றவர்களில் 100க்கு 60 பேர் நன்றாகத் தேறினார்கள். மாத்திரை மட்டும் என்றால் 55. இரண்டும் சேர்ந்தால் 81. மருந்தில்லாத வெற்று மாத்திரைக்கு 24. எல்லாரும் தேறவில்லை என்பதையும் பாருங்கள். சில பிள்ளைகளுக்கு மாத்திரை தேவைப்படும், அதில் குற்றமில்லை, டாக்டர் பார்த்துத் தர வேண்டியது.

பட்டை வேண்டாமென்றால் எல்லாரையும் வரிசையாக உட்கார வைத்துத் தியானம் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்று கூட்டத்தில் ஒரு அண்ணன் சொன்னார். செலவில்லாத யோசனைதான். பிரிட்டனில் 85 பள்ளிகளில், எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் மைண்ட்ஃபுல்னெஸ் என்கிற, இந்த நிமிஷத்தில் கவனம் வைக்கும் தியான வகுப்பு நடத்திப் பார்த்து 2022இல் முடிவு சொன்னார்கள்: வழக்கமான வகுப்பைவிடப் பலன் கூடவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பயிற்சியே செய்யவில்லையாம். எனக்கு ஆச்சரியமில்லை, ஹோம்வொர்க் விஷயத்தில் எந்த நாட்டுப் பிள்ளையும் ஒன்றுதான். மூச்சை நிதானமாக விடப் பழகுவது நல்லது, பேரனும் செய்கிறான், பரீட்சை ஹாலில் கை நடுக்கம் குறைகிறது என்கிறான். அது கைப்பிடிச் சுவர் மாதிரி. படியை அவன்தான் ஏற வேண்டும்.

நம் நாட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. டெல்லி அரசுப் பள்ளிகளில் 251 மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்து 2020இல் வெளிவந்தது. மனநலப் படிப்பு படிக்காத சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, பிள்ளைகளிடம் உட்கார வைத்தார்கள்: உன் பிரச்சினை என்ன, என்னென்ன வழி இருக்கிறது, ஒன்றைச் செய்து பார்த்துவிட்டு வா. சில வாரங்களில் நாலைந்து முறை, அவ்வளவுதான். வெறும் புத்தகம் வாங்கிப் போன பிள்ளைகளைவிட, ஆளோடு பேசிய பிள்ளைகளுக்குத் தாங்கள் பிரச்சினை என்று சொன்னவை அதிகமாகக் குறைந்தன. நோய்க்குறிகளில் மட்டும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், பாதிக் கணக்கு காட்டுவது எனக்குப் பழக்கமில்லை.

அதனால் என் விண்ணப்பம் இதுதான். பட்டைக்கும் கம்ப்யூட்டருக்கும் குளிர்சாதன அறைக்கும் வைத்திருக்கிற பணத்தில், உளவியல் படித்து முறையாகப் பயிற்சி பெற்ற ஓர் ஆலோசகரை வாரம் இரண்டு நாள் வரவழையுங்கள், குறைந்தது மூன்று வருஷத்துக்கு. கடல் கடந்து தொழிலுக்குப் போனவர்களுக்கு ஒரு கணக்கு முடிய மூன்று வருஷம் என்பது நமக்குத் தெரியாததா. அவருக்குக் கதவு உள்ள ஓர் அறை வேண்டும், தலைமையாசிரியர் அறைக்கு எதிரில் வேண்டாம். யார் உள்ளே போகிறார்கள் என்று பள்ளிக்கூடமே பார்க்கும். ஆசிரியர்களுக்கும் இரண்டு மூன்று நாள் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள். தடுமாறுகிற பிள்ளையைத் திடீரென்று எழுப்பி அவமானப்படுத்தவும் கூடாது, பாவமென்று வருஷம் முழுக்க விட்டுவிடவும் கூடாது, நாளைக்கு இந்த நாலு வரி உனக்கு என்று முன்கூட்டிச் சொன்னால் போதும். முக்கியமாகப் பெற்றவர்களையும், என்னைப் போல ஆயாக்களையும் அப்பத்தாக்களையும் கூப்பிட்டுப் பேச வையுங்கள். பணியாரம் ஊற்றுகிறவர்கள் நாங்கள்தானே.

பட்டை ஏன் நமக்குப் பிடித்தது என்றும் யோசித்தேன். 'பயிற்சி' என்றால் டியூஷன் மாதிரி கௌரவமாக இருக்கிறது. ஆலோசகர், மனநலம் என்றதும், நாளைக்குப் பெண் கேட்டு யாரும் வரமாட்டார்கள் என்று வயிற்றில் புளியைக் கரைக்கிறது. அந்தப் பயம் எனக்கும் இருந்தது, ஆஸ்பத்திரிக்குப் போன முதல் நாள் முக்காடு போடாத குறையாகத்தான் போனேன். பேரில்தான் சங்கடம் என்றால் அந்த அறைக்கும் 'பயிற்சி அறை' என்றே பலகை மாட்டுங்கள். பொய்யும் இல்லை.

ஆள் வரும் வரை அவசரத்துக்கு: டெலி மானஸ் என்று அரசு 2022இல் தொடங்கிய இலவச உதவி எண் 14416, எந்நேரமும் தமிழில் பேசலாம். பிள்ளை சாகிற பேச்சு பேசினால், உடம்பில் காயம் செய்துகொண்டால், சாப்பாடு தூக்கம் போய்விட்டால் ஏணி, படி என்று பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள், அன்றைக்கே டாக்டர். சிவகங்கை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி நமக்குத் தூரமில்லை. இந்த எண்ணைப் பள்ளிக்கூட அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்க வரி போட வேண்டியதில்லை, ஒரு சாக்பீஸ் போதும்.

இந்த மடலைப் பேரனிடம் வாசிக்கக் கொடுத்துவிட்டுத்தான் அனுப்புகிறேன். ஒரு விஷயத்தை எடுத்துவிடச் சொன்னான், எடுத்துவிட்டேன். பெருங்காயத்தை எழுதலாம் என்றான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு அவனும் என்னோடு வருகிறான். ஏணியில் இப்போது ஒன்பதாவது படியில் நிற்கிறான்: தெரியாத பெரியவர்கள் முன்னால் இரண்டு நிமிஷம் பேசுவது. பேசுவான் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. எழுந்து நின்றானென்றால், 'பயப்படாதே தம்பி' என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். நடுவில் நிறுத்தினாலும் எடுத்துக் கொடுக்க வேண்டாம். கொஞ்சம் காத்திருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஆச்சி